துவர்ப்பேறிய விரல்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உறையின் மேல் இருக்கும் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

போனிலேயே பேசியிருப்பேன். உன் அம்மா தடை போட்டுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போன எடுத்தா தெருவே கேக்குது. இந்த விஷயத்த எழுதித் தீத்துக்குங்க. எழுதும்போது ஒருத்தர் பேச்ச ஒருத்தர் வெட்ட முடியாதுல்ல" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன், எனக்கு இது லாபம்தான். கடைசி வரி வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. இந்த வசதி எனக்கு நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கிடைத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சமையலறையில் என் மரப்பட்டைத் தண்ணீர்ப் பானையைப் பார்த்தாய். என்ன ஏது என்று கேட்டாய், சொன்னேன். பானையைத் தூக்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தாய். பாதித் தட்டில் கை கழுவிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். கோபத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாய், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் அந்தப் பட்டை இரண்டு நாள் ஊறியது, மகளே.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவது தாண்டாதவன். ஆனால் முப்பத்தோரு வருஷமாகத் தோல் தொழிற்சாலையில் குழி மேஸ்திரி. பச்சைத் தோல் வரும். விட்டால் இரண்டு நாளில் அழுகும். அதைக் குழியில் மரப்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டால் அந்தத் துவர்ப்பு உள்ளே இறங்கி, இறுக்கி, அதற்கப்புறம் அந்தத் தோல் என்னைவிட அதிக நாள் இருக்கும். அப்பேர்ப்பட்ட துவர்ப்பு என் உடம்புக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்குமா? குழித் தண்ணீரை நான் குடிப்பதில்லை. அந்த அளவுக்கு மூளை கெடவில்லை. கிடங்கில் இருக்கும் சுத்தமான பட்டை, வீட்டில் ஊறப்போட்டு, காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்.

நாலு மாதமாகக் குடிக்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த மெஷினில்தான் பார்க்கிறேன், நோட்டில் எழுதியும் வைக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை போன வாரம் 118, 112, 121, 109. போன வருஷம் ஆஸ்பத்திரியில் 230 என்று சொன்னார்கள், ஞாபகம் இருக்கும். மாத்திரைகளை இரண்டு மாதமாக மேஜை டிராயரில் ஓய்வெடுக்க விட்டிருக்கிறேன். நம்பர் பேசுகிறது, நான் பேசவில்லை.

நீ அங்கே பரிசோதனைக் கூடத்தில் இதே துவர்ப்பை, டானின் என்று பேர் வைத்து, குப்பியில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பன் அதை டம்ளரில் போட்டுக் குடிக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. புது பூட்ஸ் குதிகாலைக் கடித்துவிட்டது, ஒன்றும் பெரிதில்லை. அம்மா பார்த்துவிட்டு உன்னிடம் போட்டுக் கொடுப்பாள் என்பதால் நானே சொல்கிறேன். தோலில் ஓட்டை இருந்தால் அதைச் சுற்றிக் கோடு போட்டு அளவு குறிப்பது எங்கள் வேலை. பழக்க தோஷம், என் குதிகால் மேல் மெல்லிய காகிதம் வைத்து அதற்கும் கோடு போட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த அளவு ஓட்டைக்குத் தோலை இரண்டாம் தரத்தில் தள்ளுவோம். நான் ஏற்கனவே மூன்றாம் தரம், எனவே நஷ்டம் இல்லை.

அப்பா

—

பிப்ரவரி 13

அப்பாவுக்கு,

பானையைக் கவிழ்த்தது தப்பு. மன்னிச்சுக்குங்க. கவிழ்த்த காரணம் தப்பில்லை.

வரி வரியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். எழுதினாலும் நான் கத்தத்தான் செய்கிறேன் போல. நாலாவது தாள் இது.

முதலில் உங்கள் பக்கம் இருக்கிற நியாயம். நாங்கள் இங்கே பார்ப்பது உண்மையிலேயே அதைத்தான். டானின் புரதத்தைக் கண்டால் விடாது, பிடித்துக்கொள்ளும். தோலில் இருக்கிற புரதத்தைப் பிடிப்பதால் தோல் பதமாகிறது. எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் துவர்த்து இழுக்கிறது. சாப்பிட்ட மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிற நொதிகள் வயிற்றுக்குள் இருக்கின்றன, அவையும் புரதம்தான். டானின் அவற்றையும் பிடித்து இழுத்து நிறுத்தும். அதனால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை குபீரென்று ஏறாமல் மெதுவாக ஏறலாம். குப்பியில் நன்றாகத் தெரிகிறது. எலிகளிலும் தெரிகிறது. மனிதர்களிடம் சின்னச் சின்ன ஆய்வுகள்தான் நடந்திருக்கின்றன. சிலதில் பலன், சிலதில் ஒன்றுமில்லை. எவ்வளவு குடித்தால் நல்லது, எவ்வளவு குடித்தால் கெடுதல் என்று சொல்லக்கூடிய நிலைமையில் யாரும் இல்லை. சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இப்போது எனக்குப் புரியாதது. மாவுச்சத்தை மெதுவாக்குவதுதான் அதன் வேலை என்றால், சாப்பிட்ட பிறகு பார்க்கிற நம்பர்தானே குறைய வேண்டும்? உங்களுக்கு வெறும் வயிற்று நம்பர் பாதியாகியிருக்கிறது. ராத்திரி முழுக்க வயிற்றில் ஒன்றுமில்லை. அங்கே பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது?

அதனால் ஒரு உதவி. காலையில் எழுந்ததிலிருந்து மெஷினில் நம்பர் வருகிற வரைக்கும் நீங்கள் செய்வது எல்லாவற்றையும் எழுதுங்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். எல்லாம்.

குதிகாலை மறுபடி ஒரு தடவை வரைந்து அனுப்புங்கள். மாத்திரையைப் போடுங்கள் என்று நான் சொன்னால் போட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்

—

பிப்ரவரி 19

டாக்டரம்மாவுக்கு (ஊசி போடத் தெரியாத டாக்டரம்மாவுக்கு),

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். "நியாயம்" என்ற வார்த்தை வந்த இடத்தை மட்டும் நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவைக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அப்புறம் நீளமாக இருக்கிறது என்று முறைக்கக் கூடாது.

ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். பல் தேய்க்கிறேன். பட்டைத் தண்ணீர் அப்போது இல்லை, பாட்டிலில் எடுத்துப் போய், குழியும் நம்பரும் பார்த்த பிறகு, டீ குடிப்பதற்கு முன்னால்தான். ஆறு மணிக்குத் தொழிற்சாலை. மெஷின் என் லாக்கரில் இருக்கிறது. வீட்டில் வைக்க முடியாது. ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் உன் அம்மா தலை சுற்றி விழுகிறாள், அப்புறம் அவளுக்கு யார் சர்க்கரை பார்ப்பது.

போனதும் முதல் வேலை குழி பார்ப்பது. பன்னிரண்டு குழி. ஒன்றாவது குழி தண்ணி மாதிரி, பன்னிரண்டாவது கஷாயம் மாதிரி. தோல் சாதுவான குழியில் தொடங்கிக் காட்டமான குழிக்குப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் மேல் பக்கம் மட்டும் வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். காட்டத்தை அளக்கக் கண்ணாடி மிதவை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க அது. எனக்கு இது. வலது ஆள்காட்டி விரலைக் குழியில் விட்டு, நாக்கு நுனியில் ஒரு தொடல், துப்பிவிட வேண்டியதுதான். மிதவை இருபது நிமிஷம் எடுப்பதை நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். சும்மாவா என்னை நாக்கு மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் மட்டும்தான் அந்த நாக்குக்கு மரியாதை இல்லை.

பன்னிரண்டு குழியும் முடிந்ததும் விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு, குழி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து குத்துகிறேன். எந்த விரல் என்று கேட்பாய். அதே விரல்தான். மற்ற ஒன்பதும் செருப்பு அடித்தோல் மாதிரி ஆகிவிட்டன, ஊசி உள்ளே போகாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்த ஒன்று மட்டும் காலையில் ஊறி இருப்பதால் இடம் கொடுக்கிறது. இருந்தாலும் ரத்தம் லேசில் வராது. அடியிலிருந்து நுனி வரைக்கும் நன்றாகப் பிழிந்து விட்டால் ஒரு சொட்டு நிற்கும். அதை ஸ்ட்ரிப்பில் வைக்கிறேன். இன்றைக்கு 114.

பம்ப் ஓட்டுகிறவர் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவருக்கும் சர்க்கரைதான். "மேஸ்திரி, நாலு மாசத்துல இப்படி இறங்குதுன்னா நானும் அந்த மாத்திரைய விட்டுடலாம் போலிருக்கே" என்றார். "விடுப்பா, எதுக்கு உடம்பக் கெடுத்துக்கற" என்றேன். திங்கட்கிழமையிலிருந்து அவரும் குடிக்கிறார். என்னவோ உன் குப்பிக்கு ஒரு ஆள், என் டம்ளருக்கு இரண்டு ஆள்.

குதிகால் படம் இத்துடன். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் பென்சில் மழுங்கியிருக்கும்.

அப்பா

—

பிப்ரவரி 25

அப்பா,

உங்கள் கடிதத்தில் "அதே விரல்தான்" என்கிற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

உடனே செய்து பார்த்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, குத்தினேன். 94. பிறகு விரலைப் பட்டைத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து, ஈரத் துணியில் ஒரு தடவு தடவி, உங்களைப் போலவே பிழிந்து குத்தினேன். 51. மறுபடி கழுவி, 96. மறுபடி ஊறவைத்து, 47. பத்து தடவை செய்தேன், என் விரல்கள் எல்லாம் சல்லடை. ஒரு தடவைகூட மாறவில்லை.

வெறும் தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தேன்: 70 பக்கம் நின்றது. ஆக, ஒரு பங்கு தண்ணீர். ஊறிய விரலில் இருக்கிற ஈரமும், பிழியப் பிழிய வருகிற நீரும் ரத்தத்தோடு கலந்துவிடுகின்றன. இன்னொரு பங்கு அந்தத் துவர்ப்பே என்று சந்தேகப்படுகிறேன். அந்த ஸ்ட்ரிப்பிலும் ஒரு நொதி இருக்கிறது, அப்பா, அதுதான் சர்க்கரையை அளப்பது. அதையும் உங்கள் டானின் பிடித்துக்கொள்கிறதோ என்னவோ. நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்க வேண்டும்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது. நாலு மாதமாக நீங்கள் உங்கள் ரத்தத்தை அளக்கவில்லை. உங்கள் விரலில் இருந்த குழியை அளந்திருக்கிறீர்கள்.

இரண்டு குதிகால் காகிதத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். பென்சில் மழுங்கவில்லை. முதல் கோடு முழுசாக இரண்டாவது கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வலி பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வலிக்கவில்லையா, இல்லை மறைக்கிறீர்களா? வலிக்கவில்லை என்றால் எனக்கு இன்னும் பயம். சர்க்கரை ஏறி நிற்கிற காலில் உணர்ச்சி போகும். உணர்ச்சி போன காலில் புண் ஆறாது. ஆறாத புண்ணை என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் எழுத விரும்பவில்லை.

நாளைக்குக் காலை. மெஷினை எடுத்து வந்து, குழிக்குப் போவதற்கு முன்னால், வீட்டில், அம்மாவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு. இடது கை. சோப்பு, வெந்நீர், உலர்ந்த துண்டு. சுண்டுவிரல் ஓரம். வெந்நீரில் கழுவினால் ஊசி போகும், கையைத் தொங்கவிட்டால் ரத்தம் வரும், பிழியாதீர்கள். அந்த நம்பரை மட்டும் எழுதுங்கள். கேலி வேண்டாம், காரணம் வேண்டாம். நம்பர்.

உங்கள் மகள்

—

மார்ச் 10

மகளுக்கு,

243.

நீ கேட்டது அவ்வளவுதான். கடிதத்தை இதோடு மடித்து அனுப்பியிருப்பேன், அம்மா விடவில்லை.

உன் கடிதம் வந்து பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. அடுத்த நாள் காலையிலேயே பார்த்தேன். மெஷின் கெட்டுவிட்டது என்றேன். மறுநாள் பார்த்தேன், 251. ஸ்ட்ரிப் பழசு என்றேன். அம்மா போய்ப் புது டப்பா வாங்கி வந்தாள், 243. அதற்கப்புறம் பழி போட ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. "வீடு இவ்வளவு நிம்மதியா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றாள் உன் அம்மா. ஆனால் நாலாவது நாள் அவளே என் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில்: வலிக்கவில்லை. மறைக்கவில்லை, வலிக்கவே இல்லை. அதை நான் நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலில் ஒரு நூல் மாதிரி ஏதோ வைத்து, "தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகிறதே, எப்போது ஆரம்பிப்பார் என்று பார்த்தால், அவர் எட்டு இடத்தில் வைத்து எடுத்து எழுதியும் முடித்துவிட்டார். பதனிட்ட தோலுக்குக் குத்தினால் தெரியாது என்பது எனக்குத் தெரியும். என் தோலே அந்த நிலைக்கு வந்தது தெரியவில்லை.

மூன்று மாத அளவு காட்டுகிற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். 10.4 என்று வந்தது. அது என் விரலை நம்பாமல் முழங்கையிலிருந்து எடுத்த ரத்தம். இரும்புச் சத்தும் குறைவாம். ஆக, என் துவர்ப்பு சர்க்கரையை விட்டுவிட்டு இரும்பைப் போய்ப் பிடித்திருக்கிறது. பட்டைத் தண்ணீர் குடித்ததைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா, மேஸ்திரி, நாம வேற விஷயம் பேசிட்டிருப்போம்" என்றார். புண் எலும்புக்குப் போகவில்லை, தப்பித்தீர்கள் என்றார். மாத்திரை இரண்டு, கொஞ்ச நாளைக்கு ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும், ஆறு வாரத்துக்குக் குழிப் பக்கம் நிற்கக் கூடாது.

ஊசியை உன் அம்மா போடுகிறாள். ரத்தம் பார்த்தால் விழுகிறவள், என் தொடையில் குத்தும்போது மட்டும் கை நடுங்குவதே இல்லை. முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையின் பாக்கியை வசூலிக்கிற மாதிரி இருக்கிறது.

உனக்குச் சொல்லாத ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், பழைய மாதிரி ஊறிய விரலில் குத்தினேன்: 116. பம்ப்காரர் தலையாட்டினார். அப்புறம் சோப்பு வாங்கி வரச் சொல்லி, இடது கையைக் கழுவி, உன் முறைப்படி சுண்டுவிரலில் குத்தினேன்: 249. "இது நாக்கு மேஸ்திரி கண்டுபிடிப்பு. நாலு மாசம் என்னையே ஏமாத்திட்டேன், உங்களையும் சேத்து. மாத்திரையப் போடுங்க" என்றேன். பம்ப்காரர் என்னைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார். சாயங்காலம் அவர் சம்சாரம் உன் அம்மாவுக்குப் போன் செய்து, மாத்திரை போட்டுவிட்டார் என்று சொல்லிற்று. என்னைத் திட்டவும் செய்ததாம். எவ்வளவு என்று அம்மா சொல்ல மறுக்கிறாள்.

குதிகால் வட்டம் இத்துடன். போன தடவையைவிடப் பெரிது. இந்தத் தடவை பென்சிலைச் சீவினேன்.

அப்பா

—

மார்ச் 17

அப்பா,

நீங்கள் பெஞ்சில் செய்ததைப் படித்துவிட்டு இந்த வாரம் முழுக்க என் வேலை ஓடவில்லை. ஏனென்றால் நீங்கள் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி நான் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் உங்கள் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். கோபத்தில் எடுக்கவில்லை, ஆசையில் எடுத்தேன். நாலு மாதம், ஒரே மனிதர், தினமும் ஒரே நேரத்தில் எடுத்த நம்பர், 230-லிருந்து அழகாக இறங்கி நிற்கிறது. இரண்டு வருஷமாக எலிகளோடு குடித்தனம் செய்கிற எனக்கு, உள்ளுக்குள் ஒரு குரல், "அப்பாவுக்கு மட்டும் உண்மையிலேயே வேலை செய்திருந்தால்?" என்றது. உங்களிடம் கத்திவிட்டு வந்து, மறுநாளே எங்கள் துறைத் தலைவியிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "வெறும் வயித்திலயுமா?" அதுதான் நான் என் கேள்வி போல உங்களுக்கு எழுதியது.

ஒரு நல்ல கோடு கீழே இறங்கினால் நமக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லை. பானையைக் கவிழ்த்தது உங்கள் மேல் இருந்த கோபம் மட்டுமில்லை, அப்பா. நம்ப ஆரம்பித்துவிட்டேனோ என்று என் மேல் வந்த கோபமும்தான்.

டானினை நான் விடவில்லை. அதில் ஏதோ இருக்கிறது. எவ்வளவு, யாருக்கு, எந்தச் சாப்பாட்டோடு, இரும்பைக் கெடுக்காமல் எப்படி என்று கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் கேட்டு முடிகிற வரைக்கும் அது டம்ளருக்கு வராது. எங்கள் கூடத்தில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம்: "கை கழுவி, துடைத்து, பிறகு குத்தவும்." கீழே சின்ன எழுத்தில், "நாக்கு மேஸ்திரி விதி." தலைவி அதைக் கிழிக்கவில்லை.

வாரம் ஒரு வட்டம் வேண்டும். ஜன்னலில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்

—

ஏப்ரல் 21

மகளுக்கு,

வாரம் ஒன்று என்று நீ கேட்டதில் ஐந்தாவது வட்டம். நீயே பார்த்துக்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரத்து வட்டத்துக்குள் இதை வைத்தால் சுற்றிலும் ஒரு கோதுமை அளவு இடம் மிஞ்சுகிறது. காலை நம்பர் 138. இடது கை, சுண்டுவிரல், சோப்பு.

உங்கள் கூடத்து விதிக்கு என் பேரை வைத்திருப்பதை உன் அம்மாவிடம் சொன்னேன். "தப்பு செஞ்சவர் பேரத்தான வெப்பாங்க" என்றாள். எப்படியோ, எட்டாவது படித்தவன் பேர் பரிசோதனைக் கூடத்துச் சுவரில்.

நேற்று பம்ப்காரர் வீட்டுக்கு வந்தார். கட்டைப் பார்த்தார், ஒரு டீ குடித்தார், "சீக்கிரம் வாங்க மேஸ்திரி, மிதவைய வெச்சு குழி பாக்கறானுங்க, மூணாவது குழியும் நாலாவது குழியும் ஒரே காட்டம்" என்றார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா

—

ஜூன் 2

மகளே,

டாக்டர் சொன்ன ஆறு வாரம் பன்னிரண்டாகி, இன்றைக்குத்தான் குழிக்குத் திரும்பினேன். பூட்ஸ் இரண்டு அளவு பெரிது, உள்ளே பஞ்சு. நடந்தால் வாத்து மாதிரி இருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்தது. தினமும் கழற்றி அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உணர்ச்சி முழுசாகத் திரும்பாது என்கிறார். வலி சொல்லாததைக் கண் சொல்லட்டும் என்று பார்க்கிறேன். இத்தனை வருஷம் என் முகத்தைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பாதம் பரவாயில்லை, முகத்தைவிட லட்சணம்.

பன்னிரண்டு குழியும் பார்த்தேன். விரல்தான், நாக்குதான், அதை மாற்ற முடியாது. மிதவை வைத்துச் சரிபார்த்தார்கள், பன்னிரண்டும் சரி. அதற்கப்புறம் சோப்பு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பும் துண்டும் தொங்குகிறது, பம்ப்காரர் மாட்டியது. அவருடைய நோட்டும் என்னுடைய நோட்டும் இப்போது ஒரே லாக்கரில். அவர் காலை நம்பர் என்னுடையதைவிடக் குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அடுத்த தடவை வரும்போது பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படாதே. உன் தட்டு இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அந்தப் பானையில் அம்மா ரோஜாச் செடி வைத்திருக்கிறாள். அதைக் கவிழ்க்க உனக்கு அனுமதி இல்லை.

இத்துடன் வழக்கமான காகிதம் இருக்கிறது. காலியாக இருப்பதைப் பார்த்து அப்பா மறந்துவிட்டார் என்று நினைக்காதே. குதிகாலில் வைத்து, பென்சிலைச் சீவி, அரை மணி நேரம் தேடினேன். வரைய ஒன்றுமில்லை.

அப்பா